ஒரே முட்டியில் இரண்டு உப்பு

சொந்தத் தோப்பில் கள் இறங்குகிறது. எனக்கு அதன் வாசனை மட்டும்தான். கவுட் வாதம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கள்ளும் கிடையாது, கறியும் கிடையாது. என் வாய்ச்சொல்லை நம்பாமல் பழனாத்தாள் என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அதுவும் மாசமாக இருக்கும் எங்கள் மகள் ஜீவிதாவின் பேரில்! கட்டிய பெண்டாட்டிக்கு இப்படியும் ஒரு போலீஸ் புத்தி.

ஒரு சொட்டு தொடவில்லை. ஆனாலும் போன வாரம் வலது முட்டி இளநீர்க்காயாக வீங்கிவிட்டது.

"குடிச்சுப்போட்டீங்க," என்றாள் பழனாத்தாள்.

"இல்லீங்கறேன்ல! செவுத்தைப் புடிச்சுத்தான் கக்கூசுக்கே போறேன். தோப்புக்கு எப்படிப் போவேன்?"

"வீங்குனதுக்கப்புறந்தான செவுத்தைப் புடிச்சீங்க? சத்தியம் பொய்யாப் போச்சுங்க. ஜீவிதா பெத்துப் பொழைக்கிற வரைக்கும் நீங்க சாளையிலயே இருங்க. அவ கண்ணுல படவேண்டாம், பொய்ச் சத்தியத்தோட தோசம் அவளைப் புடிச்சுக்கும்."

சாளை என்பது தோட்டத்துக் கொட்டகை. பம்புசெட்டும் உரமூட்டையும் இருக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில், ஜீவிதாவின் புகுந்த வீட்டில் கட்டுச்சோற்று விருந்து. அது முடிந்து ஜீவிதா பிரசவத்துக்கு வீடு வருகிறாள். இரண்டு முறை தங்காமல் போய் மூன்றாவதாகத் தரித்தது. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நான் கொட்டகையில் கிடக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இந்து டாக்டரம்மா ஊசியால் முட்டியிலிருந்து நீரை எடுத்துப் பரிசோதித்தார்.

"அண்ணா, இந்த நீரில ரெண்டு வகை உப்பு உண்டு. யூரிக் ஆசிட் ஒண்ணு, கால்சியம் ஒண்ணு. கவுட் உள்ள சிலருக்கு ரெண்டும் சேர்ந்து வரும். இப்ப வீங்க வச்சது கால்சியம்தான், வயசானா வர்றது. கள்ளுக்கும் கறிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அங்கேயே அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "இதை இவகிட்டயும் சொல்லுங்க தாயி!"

சொன்னார். பழனாத்தாள் கவனமாகக் கேட்டாள்.

"அந்தப் பழைய உப்புங்க, யூரிக்?"

"அதும் உண்டு. பழசா தங்கினது. குடிக்காதவங்களுக்கும் தங்கும்."

"இருக்குதில்லீங்க?"

"இருக்கு, ஆனா..."

"போதுமுங்க."

வெளியே வந்ததும் பண்ணையாள் பிச்சைமணிக்குப் போன் போட்டாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை, பயம். அதுதான் என்னைக் கொன்றது. கோபமென்றால் சண்டை போட்டிருப்பேன்.

"பிச்சைமணி, சாளையக் கூட்டிப்போட்டு ஒரு கட்டிலப் போட்டு வையி. அய்யன் இன்னைக்கே வந்துருவாரு."