மத்தியானம் மட்டும் இறங்காத மீட்டர்

மாமனார் இறந்து, அவருடைய மூச்சுக் கருவியை வாடகைக் கடைக்கே திருப்பிக் கொடுத்த பிறகும் வீட்டில் மின்சாரச் செலவு குறையவே இல்லை. பள்ளி வேன் ஓட்டும் கணவன் பழைய ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டான். தையல்காரியான அவள் தன் மோட்டார் மிஷினைச் சந்தேகப்பட்டாள்.

ஒவ்வொன்றாகக் கைவைத்தார்கள். குண்டு பல்புகள் போயின. இஸ்திரி வாரத்துக்கு ஒருநாள் என்றானது. அவள் ஜன்னலோரம் நகர்ந்து, பகல் வெளிச்சத்தில் காலால் மிதித்துத் தைத்தாள். மீட்டர் ஓடும் வேகம் இறங்கத்தான் செய்தது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்குவரை மட்டும் எதற்கும் மசியவில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்தார். கசிவும் இல்லை, யாரும் கொக்கி போட்டுத் திருடவும் இல்லை என்று தலையைச் சொறிந்தார். மெயினை அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்புப் புள்ளி மினுங்கியது. மீட்டரையே மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். மாற்றினார்கள். புதியதும் அப்படியே.

ஒருநாள் தனியாக இருந்தபோது மெயினை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றாள். புள்ளி மினுங்கி, நின்று, திணறி, மறுபடி மினுங்கியது. அந்தத் திணறல் அவளுக்குத் தெரிந்ததுதான்.

இந்த மூச்சுக் கருவி ஒன்றே பாதிக் கரண்டைத் தின்கிறது என்று எப்போதோ அவள் கணவனிடம் அலுத்துக்கொண்டது அடுத்த அறைக்குக் கேட்டுவிட்டது. மறுநாளிலிருந்து மாமனார் மத்தியானம் இரண்டு மணி நேரம் அதைத் தாமே அணைத்துவைத்தார். கேட்டால், இப்போது மூச்சு சீராக இருக்கிறது என்பார். பொய் என்று தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அப்படியொரு மத்தியானத்தில்தான் போய்ச் சேர்ந்தார்.

"மாமா," என்றாள் மெதுவாக. "இனிமே அணைக்காதீங்க. எவ்வளவு வேணுமோ ஓட்டிக்குங்க. நாங்க குறைச்சுக்கிறோம்."

புள்ளி சீரானது.

மாலையில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்துபோய்க் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வந்தான்.

இன்று அந்தத் தெருவிலேயே குறைவாக மின்சாரம் எடுக்கும் வீடு அதுதான். வீட்டில் எல்லோரையும் எப்படிப் பழக்கினாய் என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டாள். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"பெரியவருக்கு வேணும்ல அக்கா."

சாவுக்கு வந்து அழுதுவிட்டுப் போனவள் அந்த அக்கா. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை.