அக்கா அனுப்பிய நன்றி

என் அக்கா பெண்கள் விடுதியில் காப்பாளர். அவள் கீழே நின்று அதட்டினால் மூன்றாம் மாடியில் குழாயை மூடுவார்கள். போனில் பேசினால் நான் ஒரு முழம் தள்ளித்தான் பிடிப்பேன். திட்டாமல் நலம் விசாரிக்க அவளுக்குத் தெரியாது. நான் லிஃப்ட் மெக்கானிக். "சாப்டியா, இல்ல கிரீஸையே நக்கிட்டு இருக்கியாடா சுண்டெலி?" என்பாள்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, "கட்டிய எடுக்கட்டும். குரல்ல மட்டும் கை வைக்க விடாதடா," என்றாள். சரி என்றேன். பாதியில் டாக்டர் வெளியே வந்தார். குரல்வளையை எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவள் தன் வீட்டுக்குப் போன பிறகு எனக்கு வாட்ஸ்அப் செய்திதான். சாப்பிட்டேன். தூங்கினேன். மருந்து வந்தது, நன்றி.

நன்றியாம்! பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் சொல்லாத வார்த்தை. மூன்றாம் மனிதனுக்கு எழுதுவது போல எழுதுகிறாளே, என்னை அடியோடு ஒதுக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். லிஃப்ட் குழிக்குள் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை ஓடவில்லை. போன் செய்தேன். எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, என்மேல கோபமா?"

வைத்துவிட்டாள். கொஞ்சம் கழித்துச் செய்தி வந்தது: இல்லை.

நான் நம்பவில்லை. சாயங்காலமே போய் அவள் எதிரில் நின்றேன். கழுத்தில் துணி கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தது. போனை எடுத்து ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடினாள். அழித்தாள், மறுபடி தேடினாள். முடிப்பதற்குள் முகம் வாடிவிட்டது. திரையைக் காட்டினாள்: உட்கார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்தைத் தேடுவதற்குள் அவள் கோபம் ஆறிப்போகிறது. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். மேஜையில் கிடந்த மருந்துப் பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தை நீட்டினேன்.

"இதுல திட்டுக்கா."

பறித்துக்கொண்டாள். கோழிக் கிறுக்கல்தான். ஆனால் அட்டை கிழிய அழுத்தி எழுதினாள்.

"குடுத்த வாக்க காத்துல விட்டியேடா பாவி. காலைல எந்திரிச்சு வாயத் திறக்கறேன், ஒண்ணும் வரல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

படித்ததும் அழுதுவிட்டேன். "நீ உயிரோட வேணும்னு தோணுச்சுக்கா. வேற ஒண்ணும் தோணல."

அவள் நிமிரவில்லை. கண் துடைத்துக்கொண்டே எழுதினாள். பென்சில் முனை உடைந்தது. கத்தியால் சீவிக் கொடுத்தேன். மறுபடி எழுதினாள். அட்டையில் இடம் தீர்ந்து, கடைசி வரியை ஓரத்தில் நெருக்கி எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் திட்டி முடியல. நாளைக்குப் பேப்பர் வாங்கிட்டு வா."