தூக்கி வந்த ஆள்

"அதோட நிறுத்து" என்றார் ராஜமாணிக்கம்.

சந்திரகலா நிறுத்தினாள். கையிலிருந்த பத்திரத் தாளில் இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது. கணவருக்கு வலது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவரால் வாசிக்க முடியாததால்தான் அவள் வாசிக்க நேர்ந்தது. இல்லாவிட்டால் அந்தத் தாளை அவள் கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டார்.

தாளைக் கொண்டுவந்த அர்ஜுனன் செருப்பை விட்டுவிட்டுக் கதவோரமாக நின்றிருந்தார். இருவருக்கும் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரே கிராமம். ராஜமாணிக்கம் ஊர், அர்ஜுனன் காலனி. ஒரே வருஷம் ராணுவத்தில் சேர்ந்து, ஏறக்குறைய ஒரே வருஷம் திரும்பி வந்தவர்கள். ராஜமாணிக்கம் அப்புறம் ஒரு வங்கியில் காவல் வேலை பார்த்து, டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினார். அர்ஜுனன் காலனியிலேயே இருந்தார். இந்த வீட்டுக்கு அவர் வருவது இது நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ. உட்காரச் சொன்னால் உட்கார்ந்திருப்பார். இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் காபி கொடுப்பார்கள். அதற்கென்று அலமாரியில் பேப்பர் கப் வைத்திருந்தாள் சந்திரகலா. யாராவது கேட்டால் கழுவுகிற வேலை மிச்சம் என்பாள். வேங்கிக்காலில் யாரும் ஜாதி பார்ப்பதில்லை. பேப்பர் கப்தான் வாங்கி வைக்கிறார்கள்.

"பஞ்சாபிக்காரரு தானேங்க உங்களத் தூக்கினு வந்தாரு?" என்று கேட்டாள் சந்திரகலா. கோபமாகக் கேட்கவில்லை. உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தவளைப் போலத்தான் கேட்டாள்.

தாளில் அர்ஜுனன் தூக்கி வந்ததாக இருந்தது.

விஷயம் இதுதான். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் அர்ஜுனனைப் பதினைந்து நாளைக்கு ராஜமாணிக்கத்தின் கம்பெனியோடு சேர்த்து எல்லைக்கு அனுப்பினார்கள். அந்த உத்தரவு எங்கேயோ தொலைந்துபோனது. அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் அந்த டிசம்பர் மாதம் முழுக்க அவர் பின்னால் டெப்போவில் இருந்ததாகவே பதிவாகிவிட்டது. டெப்போவில் இருந்தவனுக்கு எல்லைப் பதக்கம் கிடையாது. ஊருக்கு வந்தபோது மற்றவர் சட்டையில் தொங்கியது இவர் சட்டையில் இல்லை. அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் அவரை 'உருளைக்கிழங்கு மிலிட்டரி' என்றார்கள், டெப்போவில் கிழங்கு உரித்தவராம். காலனிப் பிள்ளைகளும் கேட்டுப் பழகிக்கொண்டார்கள். இப்போது இரண்டாயிரத்து இரண்டு. முப்பத்தோரு வருஷம் ஒரு மனிதர் இதைக் காதில் வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

பதக்கம் வந்தால் பென்ஷன் கூடப்போவதில்லை. புத்தகம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் எழுதிப்போட்டுக் கடைசியில் பதில் வந்திருந்தது. அதே இடத்தில் கூட இருந்த ஒருவர், தான் கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் கோப்பு மூடப்படும். அந்தக் கம்பெனியில் அவருக்குத் தெரிந்து உயிரோடு இருப்பவர் ராஜமாணிக்கம் ஒருவர்தான்.

"இருந்தான்னு வேணா எழுதித் தர்றேன் அர்ஜுனா" என்றார் ராஜமாணிக்கம். "தூக்கினான், தண்ணி குடுத்தான், அதெல்லாம் எதுக்கு?"

"இருந்தான்னு மட்டும் எழுதி வேற கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு ஏற்கெனவே குடுத்தாங்க. பத்தாதுன்னு திருப்பிட்டாங்க. எந்த இடம், இன்னா வேல செஞ்சான், யாரு பாத்தாங்கன்னு கேக்கறாங்க. அன்னிக்கு நான் செஞ்ச வேல அதுதானுங்களே." அர்ஜுனன் குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கால்வாய்க் கரையில நீங்க என்னை வாடா போடான்னு கூப்பிட்டீங்க. நானும் உங்கள அப்படித்தான் கூப்பிட்டேன். அத எழுதச் சொல்லல."

ராஜமாணிக்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தையில பொண்ணுக்குக் கல்யாணம். அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்பது இல்லை என்று மூவருக்கும் தெரியும். அர்ஜுனன் வந்து தாளை வாங்கி நான்காக மடித்தார். "வர்றேங்கம்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் காபி கொடுக்க அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தப் பஞ்சாபிக்காரரைச் சந்திரகலா கல்யாணமான நாளிலிருந்து அறிவாள். ஆறடி உயரம், தாடி, தலைப்பாகை. தொடையில் குண்டு பாய்ந்து விழுந்த அவள் கணவரைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டரை மைல் நடந்தவர். வழியில் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தவர். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் ராஜமாணிக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்வார். வருஷத்துக்கு வருஷம் தாடி நீண்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபிக்காரர் பாட்டுக்கூடப் பாட ஆரம்பித்தார். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏறியதும், வீட்டு விளக்குகளோடு பெயர் தெரியாத அந்த மனிதருக்காகவும் ஓர் அகல் ஏற்றுவாள் சந்திரகலா. என் தாலியைக் காப்பாற்றியவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். அவன் பதினெட்டுக் கிலோமீட்டரில் இருந்தான். நன்றாகத்தான் இல்லை.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"வேற எப்படிச் சொல்றது?" என்றார் அவர். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் எங்கம்மா கேட்ட மொத கேள்வி, யாருடா தூக்கினாங்க, யார் கையில தண்ணி குடிச்சேன்னுதான். காலனி அர்ஜுனன்னு சொல்லியிருந்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா? ஊர்ல தலை காட்ட முடியுமா? அதே மாசம்தான் உங்கப்பன் ஜாதகம் கேட்டு வந்தான். சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பானா, நீயே சொல்லு."

சந்திரகலாவுக்குத் தன் அப்பாவைத் தெரியும். கொடுத்திருக்க மாட்டார். அது மட்டுமா, கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். பதினெட்டு வயசில் அவளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதை நினைத்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. எழுந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ராஜமாணிக்கம் கண்ணைக் காட்டுவதற்கு ஆட்டோவில் போனார். பீரோவைத் திறந்து அவருடைய பச்சைக் கோப்பை எடுத்தாள் சந்திரகலா. அவருக்குக் குண்டு பட்டதற்கான பென்ஷன் காகிதங்கள் அதில் இருந்தன. எல்லாம் இங்கிலீஷ். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகள் தேவிப்ரியாவை நிறுத்தி வாசிக்கச் சொன்னாள்.

தேவிப்ரியா நின்றபடியே நாலைந்து தாளைப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இது காயம் பட்டப்போ சாட்சி சொன்ன பேப்பர். சிப்பாய் அர்ஜுனன்னு போட்டிருக்கு."

"இன்னா சொல்லியிருக்காரு?"

"கால்வாய்ப் பக்கத்துல ராஜமாணிக்கம் குண்டு பட்டு விழுந்ததை என் கண்ணால பாத்தேன். நான்தான் தோள்ல தூக்கினு போயி டாக்டர்கிட்ட விட்டேன். அப்படின்னு சொல்லி கையெழுத்து. கீழ ஆபீசர் சீல்." தேவிப்ரியா தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். "இவர் சாட்சி சொன்னதாலதான் அப்பாவுக்கு அந்தப் பென்ஷனே வந்திருக்குது."

ராஜமாணிக்கத்தின் கோப்பில் அர்ஜுனன் எல்லையில் நின்றார். அர்ஜுனனின் புத்தகத்தில் அதே நாளில் டெப்போவில் உட்கார்ந்திருந்தார். இரண்டிலும் சர்க்கார் முத்திரை இருந்தது. கையெழுத்துப் போட்டவருக்கு யாரும் பிரதி கொடுத்ததில்லை. இத்தனை வருஷம் இந்தத் தாள் இங்கே இருப்பது ராஜமாணிக்கத்துக்குத் தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க இந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

"குடு" என்று கையை நீட்டினாள் சந்திரகலா.

மகளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா. தப்புன்னு சொல்லல. கல்யாணம் முடியட்டும். அவங்க வீட்டுல ஒரு மாதிரிப்பட்டவங்க, அப்பாவத் தூக்கினது யாரு, எவருன்னு பேச்சு வந்தா…"

எம்.காம். படித்தவள். வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருடனும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். சந்திரகலா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். தாளை வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்தாள். அலுவலகம் நடந்துபோகிற தூரம்தான். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் குடியிருந்தும் அவள் உள்ளே போனதில்லை. ஆண்கள் போகிற இடம். வெயில் ஏறிவிட்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். மனசு அதற்குமேல் நகரவில்லை, கால் மட்டும் நகர்ந்தது.

குமாஸ்தா இராமலிங்கத்துக்கு அர்ஜுனனின் கோப்பு மனப்பாடம். "காலையில வந்தாரும்மா. சாட்சி கிடைக்கல, மூடிடுங்கன்னு அவரே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார். அவள் நீட்டிய தாளை முதலில் அசட்டையாக வாங்கினார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். பிறகு இன்னொரு தடவை வாசித்தார்.

"இது போதும்மா. கோப்ப இன்னும் மூடல. வேற சாட்சியே வேணாம். அந்தக் கால சீலோட இருக்குது." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு எழுதணும். உங்க பேரு?"

"சந்திரகலா."

"அர்ஜுனனுக்கு நீங்க இன்னா உறவு?"

அவள் மஞ்சள் பையை மடிக்க ஆரம்பித்தாள். இராமலிங்கம் அவளைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, தானாகவே 'தெரிந்தவர்' என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

"அப்படி எழுதாதீங்க" என்றாள் சந்திரகலா. "அவரு தூக்கினு வந்த ஆளோட சம்சாரம்னு எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, சொன்னபடியே எழுதினார். தாளில் இருந்த பெயரை மறுபடி பார்த்தார். முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் ராஜமாணிக்கத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது உங்க வீட்டுக்காரர் பேப்பராச்சேம்மா. அவரு சம்மதிச்சாரா?"

"இல்லைங்க. என்னைத் தூக்கினது இவருன்னு எழுத மாட்டேன்னு சொல்லிட்டாரு" என்றாள் அவள். "அதையும் எழுதிக்கோங்க."