வாய் வார்த்தைக்கு ஒரு சாட்சி

மாடியில் குடியிருப்பவர்களைப் பார்த்து விசிலம்மா "வீட்டைக் காலி பண்ணுங்க" என்று சொல்லாத வாரம் இந்தப் பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. தொட்டி நிரம்பி வழிந்தால் காலி பண்ண வேண்டும். மாடிப்படியில் செருப்பு கோணலாகக் கிடந்தால் காலி பண்ண வேண்டும். ஒருமுறை மாடியில் யாரோ தொடர்ந்து நாலு தும்மல் போட்டதற்குக்கூட ஒண்ணாம் தேதி வரை கெடு வைத்திருக்கிறாள். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தொண்டை அது. டிக்கெட் எடுக்காதவனைப் பார்த்து "இறங்கு, இப்பவே இறங்கு" என்று அவள் போடுகிற சத்தத்தில் டிரைவரே இறங்கிவிடப் பார்ப்பார். ஆனால் ஒருத்தரையும் அவள் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. கடைசி ஸ்டாப் வரை திட்டிக்கொண்டே கொண்டுபோய் விடுவாள். குரைக்கிற நாய் கடிக்காது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

அரசாங்கத்துக்குத்தான் தெரியவில்லை.

மாடியில் இருந்தது ஒரு சலூன்காரத் தம்பியும் அவன் மனைவியும். நோய் பரவியதும் ஊரில் முதலில் மூடிய கடை சலூன்தான். ஆறடி தள்ளி நின்று யாருக்கு முடிவெட்ட முடியும்? நாலு மாதமாக மாடியிலிருந்து வாடகை வரவில்லை. விசிலம்மாவும் கேட்கவில்லை. ஆனால் அந்த மாடியைக் கட்ட வாங்கிய பேங்க் கடன் அவளைப் போல வாயோடு நிற்கிற ஜாதி இல்லையே. இரண்டு கடிதம் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. நோயால் வேலை போனவர்களின் வாடகையை அரசாங்கமே வீட்டுக்காரருக்குக் கட்டும். மனு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தம்பி படிவத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, முகக்கவசத்தோடு ஐந்தாவது படியில் நின்றான்.

"அக்கா, ஒரு உதவி வேணும். நீங்க எங்கள வீட்டைக் காலி பண்ணச் சொல்லணும்."

"அதத்தானே தெனமும் சொல்றேன்?"

"வாயால சொன்னா செல்லாதாம். எழுத்துல குடுக்கணுமாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாதான் நாங்க ஆபத்துல இருக்கோம்னு அர்த்தமாம். இல்லன்னா மனுவைத் தள்ளிடுவாங்க."

"அப்போ ஒழுங்கா இருக்கறவங்களுக்கு உதவி கிடையாதா?"

"ஒழுங்கான வீட்டுக்காரர் கிடைச்சவங்களுக்குக் கிடையாதுக்கா."

பேனாவும் நோட்டும் எடுத்து உட்கார்ந்தாள். நோட்டீஸ்தானே, என்ன பிரமாதம்? 'மாடியில் குடியிருக்கும் தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி அடித்தாள். இன்னொரு தாளில், 'அவசரம் ஒன்றும் இல்லை, முடிந்தபோது வீட்டைப் பற்றி யோசிக்கவும்' என்று எழுதி நீட்டினாள். தம்பி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இது நோட்டீஸ் மாதிரி இல்ல. விருந்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு. நானே எழுதித் தர்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

எழுதியும் கொடுத்தான். 'பதினைந்து நாட்களுக்குள் காலி செய்யாவிட்டால் சாமான்கள் வெளியேற்றப்படும்' என்ற வரிக்கு வந்ததும் விசிலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வரியை அவள் முன்பே படித்திருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திக்காமல் திணறாமல் முழுசையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு அம்மா அழுதாள். தன் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததாக நினைத்து அவள் இன்னொரு தரம் வாசித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

"என் கையால அந்தக் காகிதம் வராது தம்பி. வேற எது வேணாலும் கேளு."

அவன் படிவத்தை மடித்துக்கொண்டான். கோபமே இல்லாமல் பேசினான்.

"அப்ப நாங்களே போயிடறோம்க்கா. மச்சான் ஒரு ரூம் தரேன்னிருக்கார். வாடகை தர்ற ஆளா பார்த்து வெச்சு நீங்க கடனைக் கட்டுங்க. நாலு மாசம் உங்க தலையில உக்காந்தாச்சு. அஞ்சாவது மாசம் எனக்கு மனசு வராது."

போகச் சொன்னால் இருப்பார்களாம், இருக்கச் சொன்னால் போய்விடுவார்களாம். இப்படி ஒரு விதியை எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ, அவன் வீட்டுத் தொட்டி என்றைக்கும் நிரம்பாமல் போகட்டும் என்று விசிலம்மா மனதார வாழ்த்தினாள். இருந்தாலும் கடைசி நாளன்று தம்பி, நோட்டீஸ் விவரம் கேட்ட இடத்தைக் காலியாக விட்டே மனுவைக் கொடுத்தான்.

அடுத்த வாரம் விசாரிக்க, முன்கூட்டியே சொல்லியிருந்த நேரத்துக்கு ஒரு அதிகாரி வந்தார். நாலு மாத முடி காதை மூடியிருந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு, மூக்குக் கண்ணாடியில் ஏறிய ஆவியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்க இவங்கள காலி பண்ணச் சொன்னீங்களா?"

அதிகாரி கேட்கிறாரே, அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தப்பாகச் சொல்லலாமா? "நானா? எவன் சொன்னான்? தங்கமான பிள்ளைங்க சார்."

படியில் நின்றிருந்த தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். அதிகாரி, 'மனுதாரர் பாதுகாப்பாக உள்ளார்' என்று எழுதத் தொடங்கினார்.

"சார், தெனமும் சொல்வாங்க சார்! தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க!"

"தெரு சொன்னா செல்லாது. எழுத்துல இருக்கணும். இல்ல, அதிகாரி முன்னாடி வாயால சொல்லணும். விதி இவ்வளவுதான்."

"அக்கா, ஒரே ஒரு தடவ. எனக்காக."

விசிலம்மா எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். "தம்பி, நீங்க ரெண்டு பேரும் வீட்டை..." என்று தொடங்கினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "நல்லா வெச்சிருக்கீங்க" என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். மூடிய அந்த நேரத்தில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய இரண்டு பெட்ஷீட்டுகள் மேல் அருவியாகக் கொட்டியது.

"அடியே! மோட்டாரைப் போட்டுட்டு எங்கடி போய்த் தொலைஞ்ச? தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? போதும்! உங்களுக்கு வீடு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! இப்பவே வீட்டைக் காலி பண்ணுங்க! இல்ல, சட்டிபானையெல்லாம் தெருவுல கிடக்கும்! இறங்கு! இறங்கு!"

அதிகாரி தன்னையறியாமல் எழுந்து வாசல் வரை போய்விட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"எத்தனை நாள் அவகாசம்?"

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாது!"

"சரி, 'உடனடியாக'ன்னு போட்டுக்கறேன்."

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு ஒரு தவளை தன் வாயால் பிழைத்தது, மேலே இருந்த இரண்டு பேரையும் பிழைக்க வைத்தது. அதிகாரி போகும்போது, சலூன் எப்போது திறக்கும் என்று தம்பியிடம் ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பணம் வந்தது, பேங்க் வாயை மூடிக்கொண்டது. உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது. 'ஓராண்டு காலத்துக்கு வீட்டு உரிமையாளர், குடியிருப்பவரை எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ காலி செய்யச் சொல்லக் கூடாது.' விசிலம்மா சர்வீஸில் ஒரு விதியைக்கூட மீறியவள் இல்லை. அன்றிலிருந்து படியில் செருப்பு கோணலாகக் கிடந்தால் தானே நேராக வைத்தாள். தொட்டி வழிந்தால் தானே போய் மோட்டாரை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேரும் இரட்டை முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ச்சல் பார்க்கும் கருவியோடு இறங்கி வந்தார்கள்.

"அக்கா, தொண்டை வலிக்குதா?" என்றாள் தம்பியின் மனைவி. "மறைக்காம சொல்லுங்க. இவர் சுகாதாரத் துறைக்கே போன் பண்ணிட்டார். என்ன அறிகுறின்னு கேட்டாங்க. மூணு நாளா திட்டலன்னு சொன்னார். காய்ச்சல் இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்க."

விசிலம்மா உத்தரவை எடுத்து அந்த வரியைக் காட்டினாள். தம்பியின் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள்.

"வாயால சொன்னா அதிகாரி முன்னாடி சொன்னாத்தானேக்கா செல்லும்? இங்க எந்த அதிகாரி இருக்கார்?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மூணு நாளா நம்ம வீடு மாதிரியே இல்லக்கா. யாரோ வீட்ல ஒண்டிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு."

விசிலம்மா அவளையே பார்த்தாள். கேட்க நினைத்து விட்டுவிட்ட ஒன்று இப்போது வாய்க்கு வந்தது.

"தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். அன்னைக்கு அந்த ஆளு வந்து கால் மணிகூட ஆகல. மோட்டாரை எப்படி போட்ட?"

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவர் வர்றதுக்கு அரை மணி முன்னாடியே போட்டுட்டேன்க்கா. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

விசிலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கிற சாக்கில் முந்தானையை உதறினாள்.

"அப்போ வேணும்னே என் பெட்ஷீட்டை நனைச்சிருக்க! கரண்டு பில்லை உங்கப்பனா வந்து கட்டுவான்? ஒண்ணாம் தேதிக்குள்ள காலி பண்ணுங்க! ரெண்டு பேரும்! மூட்டையைக் கட்டுங்க!"

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்து யாரோ "அப்பாடா" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியேறினார்கள். விசிலம்மா பின்னாலேயே போய், அவர்கள் வீட்டு வாசல் வரை திட்டிக்கொண்டே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.