ஆர்லீன் ப்ருவெட்டின் இடது கால்

ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, வெஸ்ட் கேரிக் தபால் நிலையத்தின் முன்னால் ஆர்லீன் ப்ருவெட்டின் கார் தரையிலிருந்து மூன்றடி எழும்பிப் பதினொரு நிமிடம் அப்படியே நின்றது. அன்று பெட்ரோல் காலன் ஒரு டாலர் எழுபத்தொன்பது. வெயில் சுமார். பையோடு வெளியே வந்த தபால்காரர் குனிந்து காரின் அடிவயிற்றைப் பார்த்து, எண்ணெய் ஒழுகுகிறது என்று ஆர்லீனிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவர் சொன்னது உண்மைதான், பின்பக்கத்து ரப்பர் வளையம் போயிருந்தது.

ஆர்லீனுக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. அதில் முப்பத்தொரு வருடத்தை ஊர் எல்லையில் இருந்த கியர்பாக்ஸ் ஆலைக்குக் கொடுத்திருந்தாள். அங்கே செய்தது எல்லாம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள். ஓட்டுகிறவன் எதையும் யோசிக்க வேண்டாம், எப்போது எந்த கியர் என்பதைப் பெட்டியே முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவெடுக்கும் பாகத்தைப் பொருத்துவதுதான் அவள் வேலை. முந்தின இலையுதிர்காலத்தில் ஆலையை மூடினார்கள். ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் பன்றித்தொடை ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். அதே மாதம் அவள் கணவன் வெண்டல் வீட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போனான். அவளை விட்டுவிட்டுத்தான் போனான். கொட்டகையில் இருந்த 1970ஆம் வருடத்து, பெரிய எஞ்சின் வைத்த பச்சை மஸில் காரையும் விட்டுவிட்டுப் போனான். போகும்போது கண்ணாடியை இறக்கி, "நீயும் அந்தக் காரும் ஒண்ணுதான் ஆர்லீன். ரெண்டும் எங்கயும் போகாது" என்றான். அந்த வாக்கியத்தை அவள் குளிர்காலம் முழுக்கப் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். பனி உருகுவதற்குள் எஞ்சினைக் கடைசித் திருகு வரைக்கும் பிரித்து, சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைப் புதிதாகப் போட்டு, அந்த மாவட்டத்தில் யாரும் கேட்டிராத சத்தத்தில் உறும வைத்தாள். பக்கத்து வீட்டு அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டும் மாற்றாமல் விட்டாள். அதனால்தான் கார் எழும்பியது.

இதை அவளுக்குச் சொன்னது ஹோபர்ட் ஸ்லோன். தானியக் கிடங்குக்குப் பின்னால் கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருந்தவர். வலது கையில் மூன்று விரல்கள்தான், ஆனால் அந்த மூன்றால் எந்தப் பல்சக்கரத்தையும் தடவி அதன் வயதைச் சொல்லிவிடுவார். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எஞ்சின்ல இருந்து வர்ற பலம் எங்கயாச்சும் போய்த்தான ஆகணும் தாயி? உன் ஆட்டோமேட்டிக்கு உள்ள வெறும் எண்ணெய். எண்ணெயில பிடிமானம் ஏது? சக்கரத்துக்குப் போகாத பலம் மேல போகுது. கிளட்ச்ச வச்சுக் கைல மாத்துற கியரா போடு. பலம் ரோட்டுக்கு இறங்கும், காரும் இறங்கும்."

அதற்குள் நகரசபை கூடிவிட்டது. வெஸ்ட் கேரிக்கில் தெருவிளக்குப் பல்பு மாற்ற ஐந்து மாதம் ஆகும், இதற்கு ஒன்பது நாள்தான் ஆனது. ஓட்டுகிறவரின் கட்டுப்பாடு இல்லாமல் தரையைவிட்டு எழும் எந்த வாகனமும் பொது அபாயம் என்று விதி எழுதினார்கள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அந்தக் கார் மெயின் தெரு முழுவதையும் நான்கு சக்கரமும் தரையில் பட ஓடிக்காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாவட்டத்தில் பழைய கார்களை நசுக்கித் தகரமாக்கும் இயந்திரத்துக்குப் போகும். நோட்டீஸைக் கொண்டுவந்தவன் மெர்ல் ஹக்கபி, நகரசபையின் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. ஆர்லீனின் சித்தி மகன். வாசற்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"அக்கா, நான் எழுதல இத. கொண்டுவந்து குடுக்கறது மட்டுந்தான் என் வேல."

"நீ படுக்கைய நனைச்ச காலத்துல இருந்து உன்னத் தெரியும்டா எனக்கு. குடு இங்க. என் காரத் தகரமாக்கிப் பாக்கணும்னா முதல்ல என்னத் தூக்கி அந்த மெஷின்ல போடச் சொல்லு, போ."

அவள் நோட்டீஸைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். தினமும் பால் எடுக்கும்போதெல்லாம் படித்தாள். அந்தக் கார் போய்விட்டால் வெண்டல் சொன்னது சரியாகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

எந்த கியர்பாக்ஸ் போடுவது என்ற கேள்வி டோனட் கடைக்குப் போனது. ஊரில் எல்லாக் கேள்வியும் அங்கேதான் போகும். ஓய்வு பெற்ற ஆறு ஆண்கள் அங்கே காலை ஆறு மணியிலிருந்து ஒரே காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாழ்நாளில் அந்த ஆறு பேரும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, இதில் ஒத்துப்போனார்கள். பழைய நாலு கியர் பெட்டிதான், அதிலும் பந்தயக்காரர்கள் கல்லுடைப்பான் என்று சொல்லும் ரகம். கியர்கள் நெருங்கி நெருங்கி இருக்கும், ஓடும்போது ரம்பம் மாதிரி ஊளையிடும், இருபது வயதில் அவர்கள் ஆறு பேருக்கும் வாங்க ஆசை, ஒருவருக்கும் வாய்க்கவில்லை. ஆர்லீன் ஒஹையோ வரைக்கும் போய் ஒரு சோள விவசாயியிடமிருந்து அதை வாங்கி வந்தாள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மணி வடிவத்தில் வார்ப்பிரும்புக் கூடு ஒன்று வரும். அதன் நடுத்துளை எஞ்சினின் அச்சோடு நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் என்ற முள் வைத்த அளவுகருவியால் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதையும் பூட்ட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அளக்காமல் ஒரு வளையத்தைக்கூட விட்டவள் இல்லை அவள். கேஜைக் கையில் எடுத்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த, டோனட் கடை ஆறு பேரில் ஒருவரான லெராய் டெட்வைலருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டி ஒஹையோவிலிருந்து வந்தாலும் அந்தக் கூடு ஊரின் சொந்த வார்ப்புப் பட்டறையில் 1969இல் ஊற்றியது. "நம்ம அப்பன்மாருங்க ஊத்துனது ஆர்லீன். அதப் போய் அளப்பியா?" என்றார். வெஸ்ட் கேரிக்கில் அந்தப் பட்டறையின் வார்ப்பை யாரும் அளந்ததில்லை. அது சாப்பாட்டு மேஜையில் தாயின் சமையலை முகர்ந்து பார்ப்பது மாதிரி. ஆர்லீன் கேஜைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

ஜூன் பதினாறாம் தேதி மெதடிஸ்ட் தேவாலயத்து வண்டி நிறுத்துமிடத்தில் அவள் முதல் கியரைப் போட்டாள். அந்தப் பெட்டியின் முதல் கியர் ஓடுகிற காருக்கானது, நிற்கிற காருக்கானதல்ல. நகர வைக்கவே கிளட்ச்சைப் பாதியில் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து முடுக்க வேண்டியிருந்தது. தேயும்போது நழுவிய பலமெல்லாம் மேலே போனது. கார் பதினெட்டு அடி உயர்ந்தது. கோணலாக உட்கார்ந்திருந்த அச்சு கிளட்ச்சைக் கடித்துத் துப்பியதில் அது பிடிக்கிற நிலையில் இல்லை. எஞ்சினை அணைத்தாள். ஏறின பலம் எஞ்சினை அணைத்தால் போய்விடாது, தானாகக் கசிந்துதான் தீர வேண்டும். மூன்று பகல் இரண்டு இரவு அவள் இடப்பக்கம் சாய்ந்த காரில் மேலேயே இருந்தாள். தேவாலயத்துப் பெண்கள் ஏணி வைத்து முறை போட்டுக்கொண்டு கோழியும் நூடுல்ஸும், மக்காச்சோள ரொட்டியும், ஒரு தடவை வாளியும் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள் வண்டிகளை அந்த நிழலில் நிறுத்தினார்கள். மெர்ல் கீழே வந்து நின்று, "அக்கா, சபைக்காரங்க தேதி தள்ளி வைக்க மாட்டாங்களாம். வித்துடேன், யாராச்சும் எஞ்சினையாவது வாங்குவாங்க" என்று கத்தினான். ஆர்லீன் கண்ணாடியை இறக்கி ஒரு கோழி எலும்பை வீசினாள், அது அவன் தொப்பியில் பட்டது. அவன் போன பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். பயத்தில் இல்லை, கோபத்தில். தெரிந்த வேலையை, தன் கையைவிட மற்றவன் வாயை நம்பிச் செய்ததற்கான கோபம். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது, கார் நனைந்து கனத்து ஒரு மூலையாகத் தரையைத் தொட்டது.

மறுநாள் அவள் அளந்தாள். துளை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினேழு பங்கு விலகி இருந்தது, ஆறு தலைமுடியைச் சேர்த்த கனம். டயல் கேஜைக் கொண்டுபோய் டோனட் கடை மேஜையில், சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, எண்ணைச் சொன்னாள். லெராய் டெட்வைலர் தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் முள்ளையே பார்த்தார்.

"எங்கப்பாரு திங்கக்கிழமையில தண்ணியப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவாரு" என்றார் கடைசியில். "திங்கக்கிழமை ஊத்துனதா இருக்கும்."

அதற்குப் பிறகு அந்த மேஜையில் பழைய வார்ப்புகளைப் பற்றி முன்பைவிட மரியாதையாகவும் உண்மையாகவும் பேசினார்கள்.

ஹோபர்ட் பட்டறைத் தரையில் சாக்கு விரித்து மூன்று பெட்டிகளை வைத்தார். கல்லுடைப்பானைச் சரிசெய்து ஒரு ஓரம், புதுக்காலத்து ஐந்து கியர் நடுவில், ஆறு கியர் அடுத்த ஓரம். ஆறு கியர் பெட்டி உடம்பு பெருத்தது, அதை நுழைக்க காரின் தரையை அறுக்க வேண்டும். அறுக்க மாட்டேன், அது பிறந்த உடம்பு என்றாள் ஆர்லீன். ஐந்து கியர் பெட்டிக்குச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் போதும். அவள் முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் அச்சையும் கையால் சுற்றி, பற்களை எண்ணி, பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஐந்து கியர் பெட்டியின் முதல் கியர் ஆழமானது. கிளட்ச்சைத் தேய்க்க வேண்டாம், காலை எடுத்தாலே கார் கிளம்பும். தேயாவிட்டால் நழுவாது, நழுவாவிட்டால் எழும்பாது. ஐந்தாவது கியரில் எஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்ளும், தூரம் போகலாம். டோனட் கடை ஆறு பேரும் வாசலில் வந்து நின்று, அது மளிகை வாங்கப் போகிறவன் போடுகிற பெட்டி என்றார்கள். "நானும் மளிகை வாங்கத்தான் போறேன். நீங்க வேணா பந்தயத்துக்குப் போங்க, ஊன்றி நடக்கிற வாக்கர ஓரமா வச்சுட்டு" என்றாள். பிறகு மையம் தள்ளிய இரும்பு முளைகளைப் போட்டுக் கூட்டை நேராக்கினாள், நாலு தடவை கழற்றி நாலு தடவை அளந்தாள். பூட்டி முடித்துக் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு கிளட்ச்சைக் காலால் அழுத்தி முடுக்கியபோது அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அதை அவள் ஹோபர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஊரே மெயின் தெருவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகச் சக்கரத்துக்கு ஒருவராக நான்கு சபைப் போதகர்களை நடக்க விட்டார்கள்: மெதடிஸ்டும் பாப்டிஸ்டும் முன்னால், லூத்தரனும் கத்தோலிக்கப் பாதிரியாரும் பின்னால். மெர்ல் பக்கத்து இருக்கையில் பலகையும் பேனாவுமாக உட்கார்ந்தான். நான்கு நிறுத்தப் பலகைகள், ஒரு சிக்னல், ஒரு ரயில் தண்டவாளம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆர்லீனின் இடது கால் கிளட்ச்சை விட, கார் பசு மாதிரி முன்னால் நகர்ந்தது. ஆட்டோமேட்டிக் ஓட்டின காலமெல்லாம் சும்மா கிடந்த கால் அது. நீதிமன்ற வாசலில் நிறுத்தியபோது நான்கு போதகர்களும் நான்கு தடவை தலையாட்டினார்கள். மெர்ல் கையெழுத்துப் போட்டான், முத்திரை குத்தினான், நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"இப்ப அந்த விதிய ஒரு தடவ சத்தமா படி" என்றாள் ஆர்லீன்.

"எதுக்குக்கா?"

"படிடா."

"ஓட்டுகிறவரின் கட்டுப்பாடு இல்லாமல் தரையைவிட்டு எழும் எந்த வாகனமும்..."

"போதும். பெல்ட்டப் போட்டுக்க."

அவள் இடது காலால் கிளட்ச்சைத் தரைவரை அழுத்தினாள், வலது காலால் முடுக்கினாள். கார் நேராக, ஒரு பக்கமும் சாயாமல், நீதிமன்றக் கடிகாரத்தின் உயரத்துக்கு எழும்பியது. கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுவதை அங்கிருந்துதான் முதலில் கவனித்தார்கள். மெர்ல் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். ஆர்லீன் கிளட்ச்சை ஒரு விரல் அளவு விட்டாள், கார் ஓரடி இறங்கியது. மறுபடி அழுத்தினாள், ஏறியது. கீழே நாற்காலிகளில் யாரோ கைதட்ட, ஆறு கிழவர்களும் எழுந்து நின்றார்கள். லெராய் டெட்வைலர் தொப்பியை மேலே எறிந்தார், அது திரும்பி வரவில்லை. நகரசபைத் தலைவர் விதியை வாங்கி மூன்று தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கட்டுப்பாடு இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள்.

அக்டோபரில் அவள் அரிசோனா வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினாள், பெரும்பாலும் ரோட்டிலேயே. வெண்டலைப் பார்த்தாயா என்று டோனட் கடையில் கேட்டார்கள். "அரிசோனாவப் பாத்தேன். வெண்டல மேல இருந்து பாத்தா அவ்வளவு பெருசா ஒண்ணும் தெரியல" என்றாள். மறுவருடம் சிக்னல் விளக்கின் கம்பியைப் பன்னிரண்டு அடி உயர்த்திக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவள் மேலிருந்தே பணம் எடுத்துக்கொள்ள வங்கியின் இரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். எழுபத்திரண்டாம் வயதில் அவளுடைய இடது முழங்காலைப் படம்பிடித்துப் பார்த்த இளம் டாக்டர், இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது, பேசாமல் ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஆர்லீன் நன்றி சொன்னாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், நொண்டியபடி போய்க் காரில் ஏறினாள். மருத்துவமனைக் கூரைக்கு மேலாகத்தான் வீட்டுக்குப் போனாள். டாக்டர் ஊருக்குப் புதியவர், ஜன்னலுக்கு ஓடிவந்து பார்த்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் தலையைத் தூக்காமல், அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள் டாக்டர், எண்ணெய் சொட்டும் என்றாள்.