விண்கலத்தின் கதவு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றதும் கம்ப்யூட்டர் டீச்சர் தன் வகுப்பறையையே விண்கலமாக்கிவிட்டாள். போன மாதம் அதே அறை காடாக இருந்தது. பிள்ளைகள் மவுஸைப் பிடித்துக் குரங்குகளை மரத்துக்கு மரம் இழுத்துவிட்டார்கள். இப்போது ஜன்னல் கம்பிகளின் மேல் கறுப்புக் காகிதம், அதில் வெள்ளி நட்சத்திரங்கள். பூமி என்பது கீழே அலுவலகத்தில் இருக்கும் கிளார்க். பிள்ளைகள் எது எழுதினாலும் பூமியிலிருந்து பேசுவதுபோலவே பதில் போட வேண்டும், நடுவில் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். கிளார்க்குக்கு ஏக குஷி. வகுப்பிலிருந்த ஒரு வாயாடிக்கு அவள் சித்தி வேறு.

நிலாவுக்குப் புறப்பாடு என்று பத்திலிருந்து தலைகீழாக எண்ணி முடித்ததும் டீச்சர் கதவை இழுத்து அறைந்து சாத்தினாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

பிள்ளைகளைத் தட்டச்சில் உட்காரவைத்துவிட்டு கைப்பிடியைத் துளையில் செருகிப் பார்த்தாள். பிடிமானமில்லாமல் சுற்றியது. விளிம்பில் விரல்விட்டு இழுத்ததில் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். தட்டினாள். மாடியில் வேறு யாருமில்லை; பள்ளி முழுக்க விளையாட்டுப் பயிற்சிக்கு மைதானத்தில் இருந்தது, கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. போன் ஓய்வறையில் சார்ஜில் கிடந்தது.

அடைத்த இடம் என்றாலே அவளுக்கு ஆகாது. எத்தனை மாடியானாலும் லிஃப்டில் ஏறமாட்டாள். ஜன்னல்களை இருட்டடித்ததும் அவளேதான். மூச்சு மேலேயே நின்றுகொண்டு உள்ளே இறங்க மறுத்தது. கத்தினால் பிள்ளைகள் அரண்டுவிடுவார்கள். தன் கணினியில் உட்கார்ந்து கிளார்க்குக்கு எழுதினாள்: விளையாட்டு இல்லை, கதவு திறக்கவில்லை, உடனே யாரையாவது அனுப்புங்கள்.

பதில் சட்டென்று வந்தது. ‘பூமி பேசுகிறது. பயம் வேண்டாம் வீரர்களே. நிலாவைத் தாண்டியதும் கதவு தானாகத் திறக்கும்.’

சத்தியமாக நிஜம் என்று மறுபடி எழுதினாள். ‘சபாஷ் கேப்டன்’ என்று வந்தது.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று விண்வெளியில் பாத்ரூம் உண்டா என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். குரல் தன்னுடையதுபோலவே இல்லை. வாயாடி எழுந்து வந்து அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல், “டீச்சர், நெஜமாவே மாட்டிக்கிட்டோமா?” என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

சிறுமி தன் இடத்துக்குப் போய் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். ‘சித்தி டீச்சர் கை நடுங்குது. நான் வெளயாடல. அம்மா மேல சத்தியம்.’

பூமியிலிருந்து பதிலே இல்லை. இதையும் ரசித்துக்கொண்டிருக்கிறாளோ என்று டீச்சர் மறுபடி கதவைத் தட்டப் போனாள். அப்போதுதான் படிகளில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. கிளார்க்கும் பின்னால் காவல்காரரும். அவர் திருப்புளியால் பூட்டைக் கழற்றியதும் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

இன்னும் நிலாவே வரவில்லையே என்று முணுமுணுத்தபடி பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். டீச்சர் வராந்தாத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கிளார்க் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“உங்க மெயில ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன் டீச்சர். என்னமா நடிக்கிறாங்க பாருங்கன்னு.”

டீச்சர் சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

தலைமையாசிரியை விண்கலப் பாடத்தை வெகுவாகப் பாராட்டினார். பெற்றோர் முன்னால் இன்னொரு முறை நடத்திக்காட்டச் சொன்னார். பூட்டை மாற்றாமல் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். இதுவரை அவரிடம் அவள் எதற்கும் மறுத்துப் பேசியதில்லை. மறுநாளே தச்சர் வந்தார்.

அப்படியும் அடுத்த வகுப்பன்று வாசலில் அவள் கால் தயங்கி நின்றது. வாயாடி தன் புத்தகப்பையைக் கழற்றிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் உள்ளே போனாள்.