கையெழுத்துப் போட்டவன்

மயான அலுவலகத்து எழுத்தர் பதிவேட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அபிநவ் பேனாவை எடுத்தான். நுனி தாளில் பட்டது, நகரவில்லை. பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருந்தது.

"நீ போடு அக்கா."

மஹதி வாங்கிப் போட்டாள். அப்பா நாராயணஸ்வாமியின் பெயருக்குக் கீழே, உறவு: மகள். தம்பிக்கு ஏன் கை வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தாநாள் ஆஸ்பத்திரியில், அப்பாவுக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்ற படிவத்தில் கையெழுத்திட்டவன் அவன்தான்.

அன்று ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் வசந்தகுமாரி அவர்களோடு உட்கார்ந்து நிதானமாக விளக்கியிருந்தார். புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. கருவி மூச்சைத் தள்ளும், நோயைத் தள்ளாது. அப்பாவிடமே கேட்டபோது அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அதையும் கோப்பில் எழுதிக்கொண்ட வசந்தகுமாரி, பிறகு மஹதியைத் தனியே அழைத்துத் தெலுங்கில் சொன்னார்: கையெழுத்துப் போட்டவரைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீசில் கவுன்சலிங் வசதி இருந்தால், குடும்பத்துக்கும் உண்டா என்று பாருங்கள்.

உண்டு. மஹதியின் மாதாப்பூர் ஆபீசின் அடையாள அட்டைக்குப் பின்பக்கம் அதற்கான எண் இருந்தது.

சைனிக்புரி வீட்டில் நான்காம் நாளும் அபிநவ் தூங்கவில்லை. சாதத்தைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். மொட்டை மாடியில் பிடித்து, மஹதி அட்டையை நீட்டினாள்.

"நக்கோ அக்கா, வேண்டாம். எனக்கென்ன பைத்தியமா? உங்க ஆபீஸ்ல தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம்."

அவள் விடவில்லை. போனை எடுத்துப் பேசுகிறவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, வெளி நிறுவனம். பெயருக்குப் பதில் ஒரு எண் கொடுப்பார்கள். ஆறு தடவை பேசலாம். போதாவிட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள். கம்பெனிக்குப் போவது எத்தனை பேர் பேசினார்கள் என்பது மட்டுமே. யார், எதற்கு என்பது போகாது.

"உனக்கு எப்படி இவ்ளோ தெரியும்?"

மஹதி கொடியில் கிடந்த துண்டை இழுத்து நேராக்கினாள்.

"போன வருஷம் நான் போனேன். ஆறு தடவையும்."

"எதுக்கு?"

"கரு கலைஞ்சுதே, அதுக்கப்பறம்."

"நீ நன்னாத்தானே இருந்தே அப்போ?"

"ஹவ், ஆமா, நன்னாத்தான் இருந்தேன். டெய்லி ஆபீஸ் பார்க்கிங்ல கார்லயே அரைமணி உக்காந்துட்டுத்தான் மேல போவேன்."

அபிநவ் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் எண்ணை அழுத்தினாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நேரம் கிடைத்தது. காரியம் செய்கிறவன் பத்து நாள் வெளியே போகக்கூடாது. வீட்டுக்குள்ளோ அறைக்கு அறை உறவுக்காரர்கள். அதனால் வாசலில் நின்ற காரில் ஏசியைப் போட்டு, அவனைப் போனோடு உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். தான் படியில் காவலுக்கு உட்கார்ந்தாள்.

சித்தப்பா கிருஷ்ணபிரசாத் வெளியே வந்தார். "சாஸ்திரிகள் வந்தாச்சு. கார்ல அவனுக்கு என்னடி ரகசியம்?"

ஆபீஸ் போன் என்று சொல்லியிருக்கலாம். "கவுன்சலர்கிட்ட பேசறான்" என்றாள்.

"அதுக்கு வெளி மனுஷா வேணுமா? நாமெல்லாம் இல்லையா?"

"இருக்கேள். ஆனா நாலு நாளா நீங்க அவனக் கேக்கறது ஒண்ணேதான் சித்தப்பா. வென்டிலேட்டர் போட்டுப் பாத்திருக்கலாமோன்னு."

அவர் காரைப் பார்த்தார். உள்ளே அபிநவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"முக்கால் மணி ஆகும். சாஸ்திரிகள ஃபேனடியில உக்காத்தி வைங்கோ."

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மூடிய காருக்குள் விடுகிற மூச்சின் ஈரமும் ஏசியின் குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிக் கீழே வருகிறது. பதினொன்றேகாலுக்கு அது உள்ளங்கை அகலம் இருந்தது. பிறகு சரிவு கண்டு ஒரு கோடாகி, கோலமில்லாத வாசலில் மெல்ல நீண்டு வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கோடு அவள் பாதத்தைத் தொட்டது. மஹதி காலை நகர்த்தவில்லை.